துறைகளுக்கு ரேங்க் போடும் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பீன்யா, பெங்களூரு

பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் ஜிகனியிலும் ஆலைத் தலைவர்களாகவும், நிதி, மனிதவளத் துறைகளின் பொறுப்பாளர்களாகவும் இருக்கும் தமிழ் மேலாளர்களுக்கு வணக்கம்.

ஆண்டுக் கணக்கு முடிந்து அப்ரைசல் வேலை மும்முரமாக நடக்கும் சமயம் இது. எந்தத் துறைக்கு எவ்வளவு மதிப்பெண், எது முதலிடம், எது கடைசி, போனஸில் யாருக்கு எவ்வளவு வெட்டு என்பதையெல்லாம் இன்னும் சில வாரங்களில் நீங்கள் முடிவு செய்துவிடுவீர்கள். அதற்கு முன் இந்த மடலைப் படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் பீன்யாவில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் மெயின்டனன்ஸ் பொறுப்பில் இருப்பவன். கம்பெனியின் பெயரை எழுதவில்லை. இங்கே நான் சொல்லப்போகும் முறை பக்கத்து ஷெட்டிலும் இருக்கிறது, அடுத்த தெருவிலும் இருக்கிறது. ஒரு கம்பெனியைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

உங்களில் பலர் சேலம், கோவை, கிருஷ்ணகிரி பக்கமிருந்து ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்துவிட்டு இங்கே வந்து, ஷாப் ஃப்ளோரில் எண்ணெயும் கூலன்ட்டும் கையில் படிய நின்று, படிப்படியாக மேலே போனவர்கள். ஒரு மெஷின் நின்றால் அதற்குப் பின்னால் எத்தனை கைகள் இருக்கின்றன என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் உங்களுக்கே, தமிழிலேயே எழுதுகிறேன்.

சொல்ல வருவது ஒன்றுதான். வெவ்வேறு வேலை செய்யும் துறைகளை ஒரே பட்டியலில் நிறுத்தி முதலிடம், இரண்டாமிடம், கடைசியிடம் என்று ரேங்க் போடாதீர்கள். அளப்பதை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போது அளப்பதைவிட நுணுக்கமாக அளக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் கேன்டீன் வாசலில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் எல்லாத் துறைகளின் பெயரும் மதிப்பெண்ணும் அதில் ஏறிவிடும். மேலே இருக்கும் துறைக்குப் பச்சை, கடைசி இரண்டுக்குச் சிவப்பு. புரொடக்ஷனுக்கு உற்பத்தி எண்ணிக்கை, ஸ்டோர்ஸுக்கு இருப்பு மதிப்பு, பர்ச்சேஸுக்கு விலைக் குறைப்பு, குவாலிட்டிக்கு ரிஜெக்ஷன் சதவீதம், மெயின்டனன்ஸுக்கு பிரேக்டவுன் நேரம் என்று தனித்தனி அளவுகோல். ஒவ்வொன்றையும் நூற்றுக்கு இத்தனை என்று மாற்றி இறங்குவரிசையில் எழுதுகிறார்கள். இருப்பைக் குறைத்து 80 வாங்கிய ஸ்டோர்ஸ், பிரேக்டவுனில் 65 வாங்கிய மெயின்டனன்ஸைவிட 15 மதிப்பெண் மேலே நிற்கிறது. அந்த 15 என்பது ரூபாயா, மணி நேரமா, சரக்கா? கல்யாண மேளத்தில் நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் ஒத்துக்காரரையும் வரிசையாக நிறுத்தி, இன்று யார் அதிகம் வாசித்தார் என்று கணக்கெடுத்தால், ஒரே சுருதியைப் பிடித்து நிற்கும் ஒத்துக்காரர் ஒவ்வொரு முகூர்த்தத்திலும் கடைசியாகத்தான் வருவார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நூற்றுக்கு எத்தனை என்பது, இலக்கு எங்கே வைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. மார்ச் மாதக் கூட்டத்தில் கெட்டிக்காரத்தனமாகப் பேசி இலக்கைத் தாழ்த்தி வாங்கும் துறைத் தலைவர் ஏப்ரலிலேயே பாதி ரேங்க்கை வாங்கிவிடுகிறார். நேர்மையாக உயர்ந்த இலக்கை ஒப்புக்கொண்டவர் வருடம் முழுக்கச் சிவப்பில் இருக்கிறார். வேலையின் தரம் இதில் எங்கே வருகிறது?

இனி ஒரு பிரேக்டவுன் சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

இரவு ஷிஃப்டில், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் ஒரு விஎம்சி மெஷினின் ஸ்பிண்டில் (வெட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) இரைச்சல் போட்டு நின்றது. சீட்டில் மெஷின் நின்ற நேரம் இருக்கிறது, மறுபடி உற்பத்திக்குக் கொடுத்த நேரம் இருக்கிறது. இடையில் 52 மணி நேரம். அந்த மாதம் பலகையில் எங்கள் பெயருக்கு எதிரே அந்த 52 மணியும் அப்படியே ஏறியது. இப்போது அந்த 52 மணியைப் பிரித்துப் பாருங்கள். ஸ்பிண்டில் சூட்டையும் அதிர்வையும் பார்த்து, பழுது முன்பக்க பேரிங்கில்தான் என்று கண்டுபிடிக்க ஒன்றரை மணி. பேரிங் கைக்கு வர 34 மணி. ஸ்பிண்டிலைக் கழற்றி, புது பேரிங் ஏற்றி, மறுபடி பூட்ட 9 மணி. குறைந்த வேகத்தில் தொடங்கிப் படிப்படியாக வேகத்தைக் கூட்டி ஓட்டிப் பார்க்கவும், முதல் உருப்படியை அளந்து குவாலிட்டி கையெழுத்துப் போடவும் ஏழரை மணி. எங்கள் ஃபிட்டர்களின் கையில் இருந்த வேலை, கண்டுபிடித்ததையும் சேர்த்தால்கூட பத்தரை மணி நேரம்தான்.

பேரிங் வர ஏன் 34 மணி ஆனது? ஸ்பிண்டிலுக்குப் போடும் உயர் துல்லியப் பேரிங்கைச் சாதாரண மோட்டார் பேரிங் மாதிரி நினைத்த கடையில் வாங்க முடியாது. எஸ்.பி. ரோடு பக்கமெல்லாம் விசாரித்தோம். அந்தத் தரத்தில் உடனே கிடைக்கவில்லை. போலிச் சரக்கை ஏற்றிவிட்டால் ஸ்பிண்டிலே போய்விடும் என்பதால் அங்கீகரிக்கப்பட்ட டீலர் மூலம் வெளியூரிலிருந்து வரவழைத்தோம். அதே பேரிங் செட் ஒன்று முன்பு எங்கள் ஸ்டோர்ஸில் இருந்தது. வருடக்கணக்கில் எடுக்கப்படவில்லை என்பதால் ‘நான்-மூவிங்’ பட்டியலில் சேர்த்து வெளியேற்றிவிட்டார்கள். அதனால் இருப்பு மதிப்பு குறைந்தது, அந்தக் காலாண்டில் ஸ்டோர்ஸுக்குப் பச்சை கிடைத்தது. ஸ்டோர்ஸ்காரர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர் கையில் கொடுத்த அளவுகோல் என்ன கேட்டதோ, அதைச் சரியாகச் செய்தார்.

அதற்கும் முந்தைய மாதத்துக்குப் போங்கள். அந்த ஸ்பிண்டிலின் அதிர்வு அளவு ஏறிக்கொண்டிருப்பதை எங்கள் பையன்கள் குறித்து வைத்திருந்தார்கள். ஒரு ஷிஃப்ட் மெஷினைக் கொடுங்கள், பிரித்துப் பார்த்துவிடுகிறோம் என்று புரொடக்ஷனிடம் எழுதிக் கேட்டோம். மாதக் கடைசி, டிஸ்பாட்ச் இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. மெஷினைக் கொடுத்திருந்தால் அந்த மாதம் புரொடக்ஷனின் எண்ணிக்கை குறைந்து முதலிடம் போயிருக்கும். கொடுக்காததால் முதலிடம் நின்றது. அடுத்த மாதம் வந்த 52 மணி எங்கள் தலையில் விழுந்தது. அதாவது ஸ்டோர்ஸின் பச்சைக்கும் புரொடக்ஷனின் பச்சைக்கும் ஆன செலவு மெயின்டனன்ஸின் சிவப்பில் எழுதப்பட்டது. கம்பெனிக்கு நின்றுபோன 52 மணி நேர உற்பத்தி எந்தத் துறையின் கணக்கிலும் ரூபாய் நஷ்டமாக வரவே இல்லை.

பர்ச்சேஸில் நடப்பதும் இதே வகை. கணக்குக்காக ஒரு இன்சர்ட்டை (தேய்ந்தால் மாற்றிப் போடும் வெட்டு முனை) எடுத்துக்கொள்வோம். 400 ரூபாய் இன்சர்ட் 200 உருப்படி வெட்டினால் உருப்படிக்கு 2 ரூபாய். 320 ரூபாய்க்கு வேறொன்று கிடைக்கிறது, ஆனால் 140 உருப்படிதான் வெட்டும் என்றால் உருப்படிக்கு ஏறக்குறைய 2 ரூபாய் 29 காசு. பர்ச்சேஸ் ஏட்டில் 20 சதவீத மிச்சம், பாராட்டு. அடிக்கடி இன்சர்ட் மாற்ற மெஷின் நிற்கும் நேரமும், தேய்ந்த முனையால் அளவு தவறிப் போகும் உருப்படிகளும் வேறு துறைகளின் சிவப்பு.

குவாலிட்டியின் நிலைமை இன்னும் சிக்கலானது. ரிஜெக்ஷன் சதவீதம் குறைந்தால் உருப்படி நன்றாக வருகிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம், சோதனை தளர்ந்துவிட்டது என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் அந்த ஒரு எண் பிரித்துக் காட்டாது. மாதக் கடைசியில் ‘டீவியேஷனில் விட்டுடுங்க’, அதாவது அளவு தவறியதையும் சலுகை கொடுத்து அனுப்புங்கள் என்ற அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதை எதிர்த்து நிற்கும் இன்ஸ்பெக்டர் தன் துறையின் மதிப்பெண்ணையும் சேர்த்துத்தான் இழக்கிறார். வாடிக்கையாளரின் புகார் மாதங்கள் கழித்து வரும்போது அவரிடமே விளக்கம் கேட்கிறோம். ஒரு மனிதரின் நேர்மைக்கு இப்படி விலை வைக்கும் முறையை நாம் தொடரக் கூடாது.

ஒரு துறையின் கையில் இல்லாத விஷயங்களும் மதிப்பெண்ணில் வந்து விழுகின்றன. 2024 கோடையில் பெங்களூரு முழுக்கத் தண்ணீருக்குத் தவித்தது. ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கர் விலை எகிறி, மாவட்ட நிர்வாகமே டேங்கருக்கு விலை நிர்ணயம் செய்யும் அளவுக்குப் போனது. எங்கள் ஆலையில் தண்ணீர், மின்சாரம், கம்ப்ரெஸர் எல்லாம் மெயின்டனன்ஸின் பட்ஜெட்டில் வருபவை. அந்த மாதங்களில் டேங்கருக்கு ஆன செலவு பட்ஜெட்டைத் தாண்டியது. அதற்கும் மதிப்பெண் குறைத்தார்கள். பெஸ்காம் மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறும் நேரமும் எங்கள் பிரேக்டவுன் மணியில்தான் சேர்கிறது. ஒரு மேலாளரின் கட்டுப்பாட்டில் இருப்பதை வைத்தே அவரை மதிப்பிட வேண்டும் என்பது செலவுக் கணக்கியலின் பாலபாடம். நிதித்துறையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. செக்யூரிட்டி, கேன்டீன், நிர்வாகச் செலவுகளை ஆள் எண்ணிக்கையை வைத்தோ, தரைப் பரப்பை வைத்தோ துறைகளுக்குப் பங்கிட்டுவிட்டு, அந்தப் பங்கையும் சேர்த்து ‘உங்கள் செலவு கூடிவிட்டது’ என்பதும் இதே தவறுதான். பங்கீட்டுச் சூத்திரம் மாறினால் ரேங்க் மாறும், வேலை ஒரு துளியும் மாறாது.

சில மாதங்களில் ரேங்க் தலைகீழாக மாறுவதைப் பார்த்து, திட்டியதில் திருந்திவிட்டார்கள் என்று ரிவ்யூ மீட்டிங்கில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் தம் பயிற்சி வகுப்புகளில் ஒரு சோதனை செய்து காட்டுவார். ஒரு பெட்டியில் 4,000 மணிகள். அவற்றில் 800 சிவப்பு, மற்றவை வெள்ளை. 50 குழிகள் உள்ள ஒரு பலகையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். சிவப்பு மணி வந்தால் குறை. எடுப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் எடுக்கிறார்கள். ஆனாலும் ஒருவருக்கு 6 சிவப்பு வரும், இன்னொருவருக்கு 14 வரும். மேலாளராக நடிக்கும் டெமிங் 6 வந்தவருக்குப் பாராட்டும் 14 வந்தவருக்குக் கண்டிப்பும் கொடுப்பார். அடுத்த சுற்றில் வரிசை மாறிவிடும். கணக்குப் போட்டால் சராசரி 10. தற்செயலாகவே 2 முதல் 18 வரை எதுவும் வரலாம். எடுப்பவரின் உழைப்புக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை, பெட்டியில் இருப்பதுதான் பலகையில் வருகிறது. எங்கள் பிரேக்டவுன் மணியும் மாதத்துக்கு மாதம் இப்படித்தான் ஏறி இறங்குகிறது. ஒரு பெரிய ஸ்பிண்டில் பழுது வந்த மாதம் கடைசி இடம், வராத மாதம் நடுவிடம். அந்த அசைவில் எது தற்செயல், எது உண்மையான மாற்றம் என்று பார்க்கக் கட்டுப்பாட்டு வரைபடம் இருக்கிறது. உற்பத்தி அளவுகளுக்கு அதைத் தினமும் போடும் நாம், துறைகளை மதிப்பிடும்போது மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம்?

இரண்டு மூன்று பிரிவுகளாகப் பிரிந்து நடக்கும் கம்பெனிகளில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே போட்ட முதலுக்கு எத்தனை சதவீத வருமானம் என்பதுதான் ரேங்க் போடும் அளவுகோல். 1910-களில் டூபான்ட் கம்பெனி தன் பல தொழில்களையும் ஒப்பிடப் பயன்படுத்தியதிலிருந்து அது உலகம் முழுவதும் பரவியது. பயனுள்ள அளவுதான். ஆனால் 25 சதவீதம் ஈட்டும் ஒரு பிரிவின் தலைவர் முன்னால் 18 சதவீதம் தரக்கூடிய புதுத் திட்டம் வந்தால் என்ன செய்வார்? கம்பெனிக்கு முதல் திரட்ட 12 சதவீதம்தான் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால் அந்தத் திட்டம் கம்பெனிக்கு லாபம். ஆனால் அதைச் செய்தால் அவருடைய 25 இறங்கும், ரேங்க் போகும். அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார். இன்னொரு பக்கம், தேய்மானம் போய்க் கணக்கில் மதிப்பே இல்லாத பழைய மெஷின்களை ஓட்டும் பிரிவின் சதவீதம் உயரத்தில் நிற்கும். புது மெஷின் வாங்கிய பிரிவு கீழே கிடக்கும். பழைய மெஷின்களைத் தாங்கிப்பிடிக்கும் மெயின்டனன்ஸ்காரனாகச் சொல்கிறேன், இந்த ஒப்பீடு மெஷின் மாற்ற வேண்டிய முடிவைத் தள்ளித் தள்ளிப் போடவைக்கிறது. லாபத்திலிருந்து முதலின் செலவைக் கழித்து மீதி எத்தனை ரூபாய் என்று பாருங்கள். மேலே சொன்ன 18 சதவீதத் திட்டத்தைத் தலைவர் தானே விரும்பி எடுப்பார்.

துறைகளை மோதவிட்டால் போட்டியில் கம்பெனி வளரும் என்று நம்புகிறவர்கள் உங்களில் இருக்கலாம். அமெரிக்காவின் பெரும் சில்லறை வணிக நிறுவனமான சியர்ஸ் அப்படி நம்பியது. 2008-இல் அதை முப்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனி லாப நஷ்டக் கணக்கு என்று வைத்தார்கள். ஒரே கடைக்குள் இருக்கும் பிரிவுகள் விளம்பரத்தில் இடத்துக்கும் பணத்துக்கும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. 2018 அக்டோபரில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. இணைய வணிகம், கடன், கடைகளில் முதலீடு செய்யாதது என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு, இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் தடுமாறும் நேரத்தில் ஒருவருக்கொருவர் கைகொடுக்க வேண்டியவர்களை எதிரெதிரே நிறுத்தியது அந்த நிறுவனத்துக்கு உதவவில்லை. வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் கதை இன்னும் நேரானது. கிளைகளுக்குக் கணக்கு விற்கும் இலக்கு வைத்து நெருக்கினார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குகளைத் திறந்தார்கள். 2016-இல் 18.5 கோடி டாலர் அபராதம். ஏறக்குறைய 5,300 பேர் வேலையிழந்திருந்தார்கள். ஓர் அளவு இலக்காக மாறிய நாளிலிருந்து அளவாக இருப்பதை நிறுத்திவிடுகிறது என்பதைப் பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-இலேயே கவனித்துச் சொன்னார். பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னது அது. கேன்டீன் பலகைக்கும் பொருந்துகிறது.

நம் பக்கத்திலேயே பார்க்க வேறு வழி இருக்கிறது. சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் டெமிங் பரிசு வாங்கியது. 2002-இல் ஓசூரின் டிவிஎஸ் மோட்டார் வாங்கியது. இரண்டும் நமக்கு வெகுதூரமில்லை, அங்கே வேலை பார்த்த ஆட்கள் நம் ஆலைகளிலும் இருக்கிறார்கள். அந்தப் பரிசு ஒரு துறைக்கான பரிசு இல்லை, கம்பெனி முழுவதும் சேர்ந்து தரத்தை நடத்தும் முறைக்கானது. அந்தப் பரிசு யாருடைய பெயரில் இருக்கிறதோ, அந்த டெமிங் வகுத்த 14 கொள்கைகளில் ஒன்று துறைகளுக்கு இடையே உள்ள தடைகளை உடைக்கச் சொல்கிறது. ஜப்பானில் வளர்ந்த டிபிஎம் (டோட்டல் புரொடக்டிவ் மெயின்டனன்ஸ்) முறையும் இதையே வேறு வழியில் செய்கிறது. மெஷினைத் துடைப்பது, எண்ணெய் விடுவது, சத்தம் மாறினால் சொல்வது எல்லாம் ஆபரேட்டரின் வேலை. பெரிய பழுதும் திட்டமிட்ட பராமரிப்பும் மெயின்டனன்ஸுக்கு. அங்கே பிரேக்டவுன் என்பது ஒரு துறையின் குற்றப் பத்திரிகையாக இருப்பதில்லை.

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா என்று கேட்பீர்கள். ஒப்பிடலாம், ஒப்பிடவும் வேண்டும்.

ஒரே வேலையைச் செய்பவற்றை ஒப்பிடுங்கள். உங்களுக்கு இரண்டு மெஷின் ஷாப் இருந்தால், ஒரே வகை உருப்படி செய்யும் லைன்களை ஒப்பிடலாம். வங்கிக் கிளைகளை, பள்ளிகளை ஒப்பிடப் பயன்படும், 1978-இல் சார்னஸ், கூப்பர், ரோட்ஸ் என்ற மூவர் உருவாக்கிய ஒரு கணித முறையே இருக்கிறது. ஒரே மாதிரியான உள்ளீடுகளைக் கொண்டு ஒரே மாதிரியான வெளியீடுகளைத் தரும் அமைப்புகளுக்குத்தான் அது. ஸ்டோர்ஸையும் குவாலிட்டியையும் அதில் போட முடியாது.

வேலை வேறுவேறாக இருக்கும் துறைகளை அவற்றின் சொந்தக் கடந்த காலத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு வருட மாத எண்களைக் கட்டுப்பாட்டு எல்லைகளோடு வரைந்து வையுங்கள். எல்லைக்குள் ஆடும் எண்ணுக்காக யாரையும் பாராட்டவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம். எல்லையைத் தாண்டினால் எல்லோரும் உட்கார்ந்து காரணம் தேடுங்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது துறைகள் சந்திக்கும் இடங்கள்தான். ஸ்பிண்டில் பேரிங் கதையில் பணம் ஒழுகிய இடங்களைப் பாருங்கள். ஸ்டோர்ஸுக்கும் மெயின்டனன்ஸுக்கும் நடுவில், மெயின்டனன்ஸுக்கும் புரொடக்ஷனுக்கும் நடுவில், கடைசியில் குவாலிட்டி கையெழுத்துக்குக் காத்திருந்ததில். இந்த இடங்களில் எங்கள் பலகையில் ஓர் அளவுகோல்கூட இல்லை. அங்கே கூட்டு அளவுகளை வையுங்கள். ஓஇஇ-யை (மெஷினின் ஒட்டுமொத்தப் பயன்திறன்) எடுத்துக்கொள்ளுங்கள். மெஷின் ஓடக் கிடைத்த நேரம், ஓடிய வேகம், நல்ல உருப்படியின் விகிதம் மூன்றையும் பெருக்கினால் வருவது அது. 90, 95, 99 சதவீதம் என்றால் ஏறக்குறைய 85. மூன்றில் எதையும் ஒரு துறை தனியாக உயர்த்த முடியாது. அந்த ஒரே எண்ணைப் புரொடக்ஷன், மெயின்டனன்ஸ், குவாலிட்டி மூன்றுக்கும் பொதுவாகக் கொடுங்கள். மெஷினை ஒரு ஷிஃப்ட் சர்வீஸுக்குக் கொடுத்தால் இந்த மாதம் கொஞ்சம் இறங்கி அடுத்தடுத்த மாதங்களில் ஏறும் என்று புரொடக்ஷன் மேலாளரே கணக்குப் போடத் தொடங்குவார். இல்லாவிட்டால் லைனே நின்றுவிடும் ஸ்பேர்கள் எவை என்ற பட்டியலை மெயின்டனன்ஸும் ஸ்டோர்ஸும் சேர்ந்து போடட்டும், அவை இருப்பில் இருக்கின்றனவா என்பது இருவருக்கும் பொது மதிப்பெண்ணாக இருக்கட்டும். அவற்றின் மதிப்பை ஸ்டோர்ஸின் இருப்புக் குறைப்பு இலக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். இன்சர்ட்டுக்கு விலையை விட்டுவிட்டு உருப்படிக்கு ஆன செலவைப் பார்த்தால் பர்ச்சேஸும் புரொடக்ஷனும் ஒரே பக்கம் வந்துவிடும்.

அப்படியே காலாண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொரு துறையிடமும் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கும் துறையைப் பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள். உங்களுக்கு அவர்கள் என்ன தாமதப்படுத்தினார்கள், எதில் உதவினார்கள்? கேப்லனும் நார்ட்டனும் 1992-இல் எழுதிய நால்வகை அளவுகோல் முறையில் (பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு) பணக்கணக்கோடு வாடிக்கையாளர், உள் வேலைமுறை, கற்றல் ஆகியவற்றையும் சேர்க்கச் சொன்னார்கள். பல கம்பெனிகள் அதையும் ஒரே மொத்த மதிப்பெண்ணாகக் கூட்டிக் கேன்டீன் பலகையில் ஒட்டிவிட்டன. கூட்டாதீர்கள். நான்கையும் நான்காகவே பார்ப்பதில்தான் அதன் பயன் இருக்கிறது.

மனிதவளத் துறையில் இருக்கும் உங்களிடம் தனியாக ஒன்று. எங்களிடம் கைதேர்ந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தார். டிரைவ் அலாரம் எண்ணைக் கேட்ட மாத்திரத்தில் எந்தக் கேபிளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். புரொடக்ஷனுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார். ஏன் என்று கேட்டேன். “வருஷக்கணக்கா சிவப்புலயே இருக்கோம் சார். ஃபேமிலி டே அன்னிக்கு என் பையன் அந்தப் பலகையைப் பார்த்துட்டு, அப்பா உங்க டிப்பார்ட்மென்ட் ஏன் கடைசின்னு கேட்டான். நான் என்ன சொல்றது?” என்றார். போனஸில் ஆன வெட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவருக்கு மாற்றல் கிடைத்தது. அவர் இடத்துக்கு அந்தத் திறமை உள்ள ஆள் இன்றுவரை கிடைக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் ஊழியர்களை வரிசைப்படுத்தும் முறையை 2013 நவம்பரில் கைவிட்டது. ஐ.டி. கம்பெனிகளில் ‘பெல் கர்வ்’ (ஊழியர்களை மேல், நடு, கீழ் என்று கட்டாயமாகப் பங்கிடும் முறை) பேச்சு அடிபடும் இந்த ஊரில் அந்தச் செய்தி உங்களுக்கும் தெரிந்திருக்கும். தனி மனிதரை வரிசையில் நிறுத்துவது தப்பென்றால் அவருடைய துறையை வரிசையில் நிறுத்தி அந்த ரேங்க்கை அவர் சம்பளச் சீட்டில் கழிப்பதும் தப்புதானே?

ஆகவே இந்த அப்ரைசலில் நான் கேட்பது இவ்வளவுதான். துறை ரேங்க்கைப் போனஸ் சூத்திரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தப் பங்கைக் கம்பெனி முழுவதற்குமான ஒரே முடிவோடு, எல்லோருக்கும் பொதுவாக இணையுங்கள். மின்தடை, டேங்கர் தண்ணீர் போன்ற துறையின் கையில் இல்லாதவற்றைத் தனி வரியில் காட்டுங்கள், மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள். கேன்டீன் பலகையில் ரேங்க்குக்குப் பதில் மூன்று கூட்டு எண்களின் வரைபடம் போதும்.

எங்கள் துறையில் பிரேக்டவுன் சீட்டை நாங்களே மாற்றிவிட்டோம். மொத்த நேரம் என்ற ஒரு கட்டத்துக்குப் பதில் கண்டுபிடித்த நேரம், ஸ்பேருக்குக் காத்த நேரம், பழுதுபார்த்த நேரம், சோதனைக்கும் கையெழுத்துக்கும் ஆன நேரம் என்று நான்கு கட்டம். ஒவ்வொன்றிலும் சம்பந்தப்பட்ட துறையின் கையெழுத்து. முதலில் ஸ்டோர்ஸ்காரர் தயங்கினார். இப்போது முக்கிய ஸ்பேர் பட்டியலை அவரே எடுத்துக்கொண்டு வந்து, இதில் இன்னும் எதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறார். அந்தப் படிவம் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன். உங்கள் ஆலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பீன்யா ஆலை ஒன்றின் மெயின்டனன்ஸ் பொறியாளர்